தருமபுரியிலிருந்து ஸ்னோகேட் வரை: முதல்முறை போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஓசூரிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கும் நம் மாவட்டத்துப் பிள்ளைகள் குளிர்கால விடுமுறைக்கு மணாலி, குல்மர்க் என்று கிளம்புவது இப்போது புதிய விஷயமில்லை. அங்கே காலில் ஸ்கீ என்ற நீளப் பலகைகளைக் கட்டி ஒருமுறை சறுக்கிப் பார்த்தவர்களுக்கு அடுத்து ஓர் ஆசை வரும். லிஃப்ட் கிடையாது, கூட்டம் கிடையாது, யாருடைய தடமும் விழாத புதுப்பனி. அப்படி ஒரு மலையில் ஒரு நாள் முழுக்க இறங்க வேண்டும். அந்த ஆசையை நிறைவேற்றும் வழிகளில் ஒன்று ஸ்னோகேட் பனிச்சறுக்கு, அதாவது ஸ்னோகேட் என்ற பனிவண்டியில் மலையேறிச் சறுக்கி இறங்குவது. தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்திலிருந்து ஒருவர் அந்த நாளுக்கு எப்படித் தயாராவது, அந்த நாள் எப்படிப் போகும் என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் வண்டி. கிருஷ்ணகிரி கிரானைட் குவாரிகளில் ஓடும் பொக்லைனின் சங்கிலிப் பட்டையைப் பார்த்திருப்பீர்கள். ஸ்னோகேட்டுக்கும் அதே ஏற்பாடுதான், ஆனால் பட்டை மிக அகலம். வண்டியின் எடை அவ்வளவு பெரிய பரப்பில் பரவிவிடுவதால், நாம் நின்றால் இடுப்புவரை புதையும் பனியில்கூட அது புதையாமல் ஏறும். ஜெர்மனியின் பிஸ்டன்புல்லி, இத்தாலியின் பிரினாத் இரண்டும் இதில் பெரிய பெயர்கள். ஸ்கீ மையங்களில் சரிவைச் சமன்படுத்தவே இவற்றைப் பெரும்பாலும் பயன்படுத்துகிறார்கள். அதற்கும் முன்பே, 1957–58இல் விவியன் ஃபுக்ஸ் தலைமையில் அண்டார்டிகாவைத் தரைவழியாகக் கடந்த குழுவின் வண்டிகளில் டக்கர் நிறுவனத்தின் ஸ்னோகேட்களும் இருந்தன. வண்டியின் பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர் உட்காரும் ஒரு அறையைப் பொருத்தி, ஸ்கீ தெரிந்தவர்களை ஆளில்லாத மலைக்கு ஏற்றிப்போகும் தொழில் 1970களின் நடுவில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், செல்கிர்க் மலைத்தொடரில் தொடங்கியது. இன்றும் அந்த மாகாணம்தான் இதற்குப் பேர்போன இடம். அமெரிக்காவின் கொலராடோ, ஜப்பானின் ஹொக்கைடோ, ஜார்ஜியா நாட்டு மலைகள் என்று வேறு இடங்களிலும் நடக்கிறது.

ஹெலிகாப்டரில் போய் இறங்குகிறவர்களும் இருக்கிறார்கள். அதற்குக் காசு பல மடங்கு. மேகம் மூடினால் ஹெலிகாப்டர் கிளம்பாது. ஸ்னோகேட் பனி கொட்டும்போதும் மெதுவாக ஏறிக்கொண்டே இருக்கும். ஏறும் நேரத்தில் நம் காலுக்கு ஓய்வும் கிடைக்கும். முதல்முறை போகிறவருக்கு இதுவே சரியான வண்டி என்பது என் கருத்து.

யார் போகலாம்?

"அண்ணா, நேரா அந்த வண்டியிலேயே ஏறிப் போய்க் கத்துக்க முடியாதா?" என்று கேட்கும் தம்பிகள் உண்டு. முடியாது. இது ஸ்கீ கற்கும் நாள் கிடையாது, கற்றதைப் பயன்படுத்தும் நாள். மேலே இறக்கிவிட்ட பிறகு கீழே வர உங்கள் கால்களைத் தவிர வேறு வழி பெரும்பாலும் இருக்காது. சமன்படுத்தாத ஆழமான பனி, மரங்களுக்கு நடுவே வளைந்து போகும் இடம், சில சமயம் எதிரே பத்தடிகூடத் தெரியாத மூடுபனி. இவற்றில் நினைத்த இடத்தில் திரும்பவும் நிற்கவும் தெரிந்திருக்க வேண்டும். ஸ்கீ மையத்தின் நடுத்தரச் சரிவு எதிலும் இரண்டு ஸ்கீயையும் இணையாக வைத்துத் திரும்பித் திரும்பி, பதறாமல் இறங்க முடிகிறதா? சரிவின் ஓரத்தில் கிடக்கும் சமன்படுத்தாத பனியிலும் கொஞ்சம் பழகியிருக்கிறீர்களா? இரண்டுக்கும் ஆம் என்றால் தயாராகலாம்.

என் கணக்கில் இதற்கு மூன்று குளிர்காலம் ஆகும். முதல் குளிர்காலம் அடிப்படைப் பயிற்சி. இரண்டாவது, குல்மர்கில் கைடோடு சமன்படுத்தாத பனி. மூன்றாவதுதான் ஸ்னோகேட். அவசரப்பட்டு இரண்டில் முடிக்கிறவர்களும் உண்டு. நம்மைப்போலப் பனியே பார்க்காமல் வளர்ந்தவர்களுக்கு அந்த நடு ஆண்டு ரொம்ப முக்கியம் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

படி 1: ஊரிலேயே கால்களைத் தயார் செய்யுங்கள்

பனி நம் ஊரில் இல்லை, சரி. ஆனால் மலை இருக்கிறது, படி இருக்கிறது. கிருஷ்ணகிரிக் கோட்டை மலை, ராயக்கோட்டை, அரூர் பக்கம் தீர்த்தமலை, தருமபுரிக்காரர்களுக்கு வத்தல்மலைச் சாலை. இவற்றில் எது பக்கமோ அதை வாரம் இரண்டு முறை ஏறி இறங்குங்கள். எல்லோரும் ஏறுவதைத்தான் பயிற்சி என்று நினைக்கிறார்கள். ஏறுவது மூச்சுக்கு நல்லது. ஸ்கீக்கு வேண்டியது இறங்குவது. சறுக்கும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்க வேண்டும். படியிறங்கும்போதும் அதே தசை அதே மாதிரிதான் வேலை செய்கிறது. அதனால் இறங்கும்போது தடதடவென்று ஓடி வராமல், முழங்காலை மடக்கி, ஒவ்வொரு படியிலும் சத்தமில்லாமல் பாதத்தை வையுங்கள். மறுநாள் தொடை வலித்தால் சரியான தசை வேலை செய்திருக்கிறது. முழங்கால் வலித்தால் நிறுத்திவிட்டு ஒரு பிசியோதெரபிஸ்ட்டைப் பாருங்கள்.

வீட்டில் செய்ய இரண்டு போதும். சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலி இல்லாமலே நாற்காலியில் உட்கார்ந்த நிலையில் இருப்பது ஒன்று. ஒற்றைக் காலில் நின்று மெதுவாக உட்கார்ந்து எழுவது இன்னொன்று. ஸ்கேட்டிங் தெரிந்தால் இன்னும் நல்லது. எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றும் பழக்கம் அங்கேயே வந்துவிடும். குறைந்தது மூன்று மாதம் இதைச் செய்யுங்கள். ஆடியில் ஆரம்பித்தால் தை மாதப் பயணத்துக்குள் கால் தயார்.

படி 2: குல்மர்க் அல்லது அவுலி

இந்தியாவில் ஒழுங்காகக் கற்றுக்கொள்ளப் பேர்போன இடங்கள் இரண்டு. உத்தராகண்டில் ஜோஷிமட்டுக்கு மேலே உள்ள அவுலி ஒன்று, காஷ்மீரின் குல்மர்க் மற்றொன்று. குல்மர்கில் மத்திய அரசின் பனிச்சறுக்கு, மலையேற்றப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. அரசு நிறுவனங்கள் நடத்தும் பல நாள் வகுப்பில் சேருங்கள். சாலையோரத்தில் ஸ்கீயைத் தோளில் வைத்துக்கொண்டு "ஒரு மணி நேரம் வா" என்று கூப்பிடுகிறவரோடு போனால் படம் எடுத்துக்கொள்ளலாம், ஸ்கீ வராது.

நான் குல்மர்கைத்தான் சொல்வேன். ஊர் சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. புதியவர்களுக்கான சிறு சரிவுகள் ஊருக்குள்ளேயே உண்டு. கோண்டோலா என்ற கேபிள் கார் இரண்டு கட்டமாக மேலே போகிறது. முதல் கட்டம் 1998இலும் இரண்டாவது கட்டம் 2005இலும் திறக்கப்பட்டன. இரண்டாவது கட்டம் அபர்வட் மலைத்தோளில் ஏறத்தாழ 3,950 மீட்டரில் கொண்டுபோய் விடும். முதல் ஆண்டில் அங்கே வேடிக்கை பார்க்கப் போகலாம், ஸ்கீயோடு போக வேண்டாம். 2023 பிப்ரவரியில் அபர்வட்டில் வந்த பனிச்சரிவில் போலந்து நாட்டுச் சறுக்குக்காரர்கள் இருவர் இறந்தார்கள். மேலே இருப்பது நிஜமான, கட்டுப்படுத்தப்படாத மலை.

நம் பக்கத்திலிருந்து போகிற வழி எளிது. பெங்களூர் விமான நிலையம், அங்கிருந்து நேராகவோ டெல்லி வழியாகவோ ஸ்ரீநகர், பிறகு சுமார் 50 கிலோமீட்டர் சாலை. வழியில் உள்ள தங்மர்க்குக்கு மேலே பனி விழுந்தால் டயரில் சங்கிலி கட்டிய வண்டியோ நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியோதான் போகும். நம் ஊர் ப்ரீபெய்டு சிம் காஷ்மீரில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேலை செய்யும். இன்னொன்றைக் கட்டாயம் நினைவில் வையுங்கள். மலையேறுகிறவர்கள் வெளிநாட்டில் சாதாரணமாகக் கொண்டுபோகும் சாட்டிலைட் போன், சாட்டிலைட் மெசேஜ் கருவி எதையும் அனுமதி இல்லாமல் இந்தியாவில் கொண்டுபோகக் கூடாது. விமான நிலையத்திலேயே கைதானவர்கள் உண்டு.

வகுப்பில் முதலில் ஸ்கீயின் முன்முனைகளைச் சேர்த்துப் பின்முனைகளை விரித்து வேகம் குறைக்கச் சொல்லித் தருவார்கள். அது வந்ததும் பலர் மேலே போக அவசரப்படுகிறார்கள். பக்கவாட்டில் வழுக்கி இறங்குவதை நன்றாகப் பழகிவிட்டு மேலே போங்கள். சரிவுக்குக் குறுக்காக நின்று, ஸ்கீயின் ஓரத்தைக் கொஞ்சம் தளர்த்தினால் மெதுவாகக் கீழே வழுக்குவீர்கள். ஓரத்தை அழுத்தினால் நிற்பீர்கள். பயமுறுத்தும் செங்குத்தான இடம் எதிரே வந்தால் பதறாமல் தப்பிக்க இந்த ஒரு வித்தை போதும். மரத்துக்கும் மரத்துக்கும் நடுவே மாட்டிக்கொண்டால் இதன் அருமை தெரியும்.

படி 3: இடம், செலவு, காப்பீடு

கனடா என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள் ஸ்னோகேட்டுக்குப் பல நூறு கனடிய டாலர் ஆகும். நம் பணத்தில் நாற்பதாயிரத்துக்கும் மேல். கைடு, பாதுகாப்புக் கருவி, மதியச் சாப்பாடு பெரும்பாலும் இதில் அடங்கும். ஸ்கீ வாடகையை தனியாக வாங்குகிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மலைக்குள்ளேயே தங்கும் விடுதியோடு சேர்த்து மூன்று நான்கு நாள் விற்கிறவர்கள் ஒரு வகை, ஊரிலிருந்து காலையில் கூட்டிப்போய் மாலையில் விடுகிறவர்கள் இன்னொரு வகை. முதல்முறைக்கு ஒரு நாள் வகைதான் நல்லது. அதற்கு முன் இரண்டு நாள் பக்கத்து ஸ்கீ மையத்தில் லிஃப்டில் ஏறி இறங்கிக் காலைப் பழக்கிக்கொள்ளலாம். நேர வித்தியாசம் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேல், உடம்பு அதற்குப் பழகவும் அந்த இரண்டு நாள் வேண்டும்.

பதிவு செய்யும்போது உங்கள் திறமை என்ன என்று கேட்பார்கள். உள்ளதைச் சொல்லுங்கள். கூட்டிச் சொன்னால் உங்களைவிட வேகமான குழுவில் சேர்த்துவிடுவார்கள், அன்று முழுக்க மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் வருவீர்கள். கனடா விசாவுக்கு மாதக்கணக்கில் முன்பே விண்ணப்பியுங்கள். கைரேகை பதிவு பெங்களூரிலேயே முடியும். வான்கூவரிலிருந்தோ கால்கரியிலிருந்தோ சிறு விமானத்தில் உள்ளே போக வேண்டியிருந்தால் ஒரு நாள் இடைவெளி விடுங்கள். செல்கிர்க் பக்கம் போகிறவர்கள் இறங்கும் காஸில்கர் விமான நிலையம் பள்ளத்தாக்குக்குள் இருக்கிறது. குளிர்காலத்தில் மேகம் இறங்கினால் விமானம் ரத்தாவது அங்கே சாதாரணம்.

காப்பீட்டில் அவசரப்படாதீர்கள். சாதாரணப் பயணக் காப்பீடு பலவற்றில் குளிர்கால விளையாட்டே சேராது. சேர்ந்தாலும் சமன்படுத்திய சரிவுக்கு மட்டும் என்று சின்ன எழுத்தில் இருக்கும். ஸ்னோகேட் சறுக்கு, சமன்படுத்தாத பனி, ஹெலிகாப்டர் மீட்பு, ஆஸ்பத்திரிச் செலவு நான்கும் சேருமா என்று எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கால் உடைந்து ஹெலிகாப்டரில் இறக்கினால் வரும் பில் ஒரு குடும்பத்தையே ஆட்டிவிடும்.

உயரத்தைப் பற்றிப் பயப்பட வேண்டாம். பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஸ்னோகேட் ஏறும் முகடுகள் பல, நம் தொட்டபெட்டாவின் 2,637 மீட்டரைத் தாண்டாதவை. குல்மர்க் கோண்டோலாவின் உச்சியில் மூச்சு வாங்குமே, அது அங்கே இருக்காது. குளிர்தான் வேறு மாதிரி. மைனஸ் 5 முதல் மைனஸ் 15 வரை சாதாரணம், சில நாள் மைனஸ் 20க்கும் கீழே போகும்.

படி 4: உடுப்பும் சாமானும்

பருத்தித் துணி ஒன்றுகூட உடம்பில் வேண்டாம், உள்ளாடை உட்பட. வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருக்கும், நின்றதும் உடம்புச் சூட்டை இழுத்துவிடும். மெரினோ கம்பளி அல்லது செயற்கை இழைத் தெர்மல் ஒன்று, அதன்மேல் ஃபிளீஸ், அதன்மேல் காற்றும் நீரும் புகாத ஜாக்கெட், ஸ்கீ பேன்ட். பெங்களூர் டெகத்லான் கடைகளில் இவை எல்லாம் கிடைக்கும். தடியான ஒரே கோட்டு வாங்குவதைவிட மெல்லிய அடுக்குகள் நல்லது. வண்டிக்குள் சூடு, வெளியே உறைபனி, அதனால் நாள் முழுக்கக் கழற்றி மாட்டிக்கொண்டே இருப்பீர்கள்.

ஸ்கீ பூட்டுக்குள் ஒரே ஒரு மெல்லிய நீளமான சாக்ஸ். குளிருமே என்று இரண்டு போட்டால் ரத்த ஓட்டம் தடைப்பட்டுக் கால் இன்னும் விறைக்கும். நம் ஊர் மார்கழிக்குப் போடும் மங்கி குல்லா ஹெல்மெட்டுக்குள் வேண்டாம், ஹெல்மெட் சரியாக உட்காராது. மெல்லிய கழுத்துத் துணி ஒன்று போதும். காகிள்ஸில் இரண்டு கண்ணாடி கொண்டுபோங்கள். வெயிலுக்குக் கறுப்பு, மேகம் மூடிய நாளுக்கு மஞ்சள் அல்லது இளஞ்சிவப்பு. மூடுபனியில் பள்ளம் மேடு தெரிய அது உதவும். நம் நிறத்துக்கு எதற்கு சன்ஸ்கிரீன் என்று கேட்கிறவர்களுக்கு: புதுப்பனி புறஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பும். மூக்கின் அடிப்பக்கம், தாடை, உதடு எல்லாம் எரியும். தடவிக்கொள்ளுங்கள்.

ஸ்கீயையும் பூட்டையும் அங்கேயே வாடகைக்கு எடுங்கள். ஆழமான பனிக்கு அகலமான ஸ்கீ தருவார்கள், அது மேலே மிதக்கும். பூட்டை ஸ்கீயோடு பிடிக்கும் பைண்டிங் எவ்வளவு விசையில் கழன்றுகொள்ள வேண்டும் என்பதை உங்கள் எடை, உயரம், வயது, திறமையை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். எடையைக் குறைத்துச் சொல்ல வேண்டாம். தவறான அளவில் இருந்தால் கழல வேண்டிய நேரத்தில் கழலாமல் முழங்கால் திருகிக்கொள்ளும்.

சாப்பாட்டில் சைவம் என்றால் முன்பே எழுதிச் சொல்லுங்கள், ஏற்பாடு செய்வார்கள். கடலை மிட்டாய், எள்ளுருண்டை, பேரீச்சை கொண்டுபோகலாம். உள்பாக்கெட்டில் வையுங்கள், வெளியே வைத்தால் கல்லாகிவிடும். குழாய் வைத்துக் குடிக்கும் தண்ணீர்ப் பை உறைந்துபோகும், சிறிய ஃபிளாஸ்க் நல்லது.

படி 5: பீக்கன்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். புதியவர்கள் ஜாக்கெட்டுக்கு மாதக்கணக்கில் கடைகடையாய் அலைகிறார்கள். பனியில் புதைந்தவரைக் கண்டுபிடித்து உயிரைக் காக்கும் பீக்கன் கருவியை அன்று காலைதான் முதல்முறை கையில் தொடுகிறார்கள். இதை மாற்ற வேண்டும்.

பனிச்சரிவு பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி சாய்வுள்ள சரிவில் உருவாகிறது. நல்ல சறுக்கு கிடைப்பதும் அதே சாய்வில்தான். உள்ளே எங்கோ ஒரு பலவீனமான அடுக்கு இருக்கும். அதன்மேல் புதுப்பனியோ காற்று அடித்துச் சேர்த்த பனியோ கெட்டியான பலகையாகப் படியும். ஓர் ஆள் எடை பட்டதும் பலகை முழுவதும் விரிந்து விடுபட்டு ஓடும். புதைந்தவரை முதல் பத்து நிமிடத்துக்குள் தோண்டி எடுத்தால் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். அரை மணி தாண்டினால் மூன்றில் ஒருவர் பிழைப்பதே அரிது. ஊரிலிருந்து மீட்புக் குழு வர அரை மணிக்கு மேல் ஆகும். ஆக, உங்களைத் தோண்டி எடுக்கப் போவது உங்களோடு வண்டியில் வந்தவர்தான். அவரைத் தோண்டி எடுக்கப் போவது நீங்கள்.

பீக்கன் என்பது நெஞ்சில் கட்டிக்கொள்ளும் சிறு ரேடியோ கருவி. உலகம் முழுக்க 457 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் வேலை செய்கிறது. நாள் முழுக்க அனுப்பும் நிலையில் இருக்கும். யாராவது புதைந்தால் மற்றவர்கள் தேடும் நிலைக்கு மாற்றி, திரையில் காட்டும் அம்பையும் எண்ணையும் பின்பற்றிப் போவார்கள். எண் குறைந்துகொண்டே வந்தால் நெருங்குகிறீர்கள். கடைசி மூன்று மீட்டரில் வேகத்தைக் குறைத்து, கருவியைப் பனிப்பரப்புக்கு ஒட்டிப் பிடித்து, மிகக் குறைந்த எண் எங்கே என்று பாருங்கள். அங்கிருந்து நீளக் கம்பியால், இருபத்தைந்து சென்டிமீட்டர் இடைவெளியில் சுருள் வட்டமாகக் குத்திக்கொண்டே போக வேண்டும். ஆள் தட்டுப்பட்டால் கம்பியைப் பிடுங்காமல் அப்படியே விடுங்கள். நேர்மேலே தோண்டாமல், கம்பிக்குக் கீழ்ச்சரிவுப் பக்கத்திலிருந்து குடைந்துகொண்டு உள்ளே போங்கள். உறைந்த பனி சிமென்ட் மாதிரி இறுகியிருக்கும். தோண்டுவதுதான் அதிக நேரம் எடுக்கும் வேலை.

இதைப் பழகப் பனி தேவையில்லை. நண்பர்களில் யாரிடமாவது இரண்டு பீக்கன் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாந்தோப்புக்கு எடுத்துப் போங்கள். ஒன்றைச் சாக்குப்பைக்குள் போட்டுச் சருகுக்கு அடியில் ஒருவர் மறைக்கட்டும், இன்னொருவர் கடிகாரம் வைத்துத் தேடட்டும். கை நடுங்காமல் ஐந்து நிமிடத்துக்குள் கண்டுபிடிக்கும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். கிடைக்காதவர்கள் குல்மர்கில் வாடகைக்கு எடுத்துப் பழகலாம்.

செல்போன் பீக்கனைக் குழப்பும். அனுப்பும்போது 20 சென்டிமீட்டர், தேடும்போது 50 சென்டிமீட்டர் தூரமாவது இருக்க வேண்டும். பேட்டரியில் சூடாகும் கையுறைக்கும் இதே விதிதான்.

அந்த நாள்

விடிவதற்கு முன்பே கைடுகள் எழுந்துவிடுவார்கள். இரவு விழுந்த பனி, காற்று, வெப்பம் எல்லாம் பார்த்து எந்தச் சரிவைத் திறப்பது, எதை மூடுவது என்று பேசி முடிவெடுப்பார்கள். நீங்கள் படத்தில் பார்த்து ஆசைப்பட்ட சரிவு அன்று மூடியிருக்கலாம். கேட்டு வற்புறுத்தாதீர்கள்.

காலை உணவுக்குப் பிறகு பாதுகாப்பு வகுப்பு. கைடின் ஆங்கிலம் வேகமாக இருக்கும், கனடிய உச்சரிப்பு பழகாத காதுக்குப் பாதி போய்விடும். புரியாததை அந்த இடத்திலேயே திரும்பக் கேளுங்கள். தலையாட்டிவிட்டு வந்தால் மேலே யாரும் விளக்க மாட்டார்கள். பீக்கன் சோதனை, கம்பியும் பனி தோண்டும் ஷவலும் பொருத்திப் பார்ப்பது, பனிச்சரிவில் ஊதிக்கொண்டு ஆளை மேலே வைக்க உதவும் காற்றுப்பை உள்ள முதுகுப்பையின் பிடியை எங்கே இழுப்பது என்று எல்லாவற்றையும் கையால் செய்து பாருங்கள்.

வண்டியை நெருங்கும் முறை ஒன்று இருக்கிறது. முன்னால் பெரிய பிளேடு, இரு பக்கமும் ஓடும் பட்டை. வண்டிக்குப் பக்கத்தில் நிற்பவர்கூட ஓட்டுநருக்குத் தெரியாமல் போகலாம். அவர் கையசைத்த பிறகே நெருங்குங்கள். ஸ்கீயைக் கைடு வாங்கி வெளிச் சட்டத்தில் அடுக்குவார், ஏணியில் ஏறி உள்ளே உட்கார வேண்டும். உட்கார்ந்ததும் கையுறையைக் கழற்றி, ஜாக்கெட் ஜிப்பைத் திறந்துவிடுங்கள். உள்ளே வியர்த்தால் மேலே நடுங்குவீர்கள். காகிள்ஸை நெற்றிக்கு ஏற்றாதீர்கள், நெற்றி வியர்வையில் உள்பக்கம் மூடிக்கொள்ளும். ஏற இருபது நிமிடத்திலிருந்து நாற்பது நிமிடம்வரை ஆகும். நாள் முழுக்க எட்டிலிருந்து பதினைந்து இறக்கம்வரை கிடைக்கும், மொத்தமாக 3,000 மீட்டருக்கு மேல் கீழிறங்கியிருப்பீர்கள்.

முதல் இறக்கம் எளிதானதாக இருக்கும். கைடு உங்களைக் கவனிப்பது அதில்தான், வேகம் காட்ட வேண்டாம். ஆழமான பனியில் பயத்தில் உடம்பு தானாகப் பின்னால் சாயும். சாய்ந்தால் ஸ்கீ உங்கள் பேச்சைக் கேட்காது, தொடையும் பத்தே நிமிடத்தில் எரியும். எடை பாதத்தின் நடுவில், இரண்டு ஸ்கீயிலும் சமமாக, கால்கள் கொஞ்சம் நெருக்கமாக இருக்கட்டும். கொஞ்சம் வேகம் வந்தால்தான் ஸ்கீ மேலே மிதக்கும். அது மிதந்து, பனி முழங்காலைத் தழுவிக்கொண்டு போகும்போது சத்தமே இருக்காது. இவ்வளவு தூரமும் செலவும் அந்த ஒன்றுக்காகத்தான், அது தகும்.

விழுவீர்கள். ஆழமான பனியில் கையை ஊன்றினால் தோள்வரை உள்ளே போகும். கையில் பிடித்துச் சறுக்கும் இரண்டு கம்புகளையும் குறுக்காகப் போட்டு, அவை குறுக்கிடும் இடத்தில் ஊன்றி எழுங்கள். ஸ்கீ கழன்று காணாமல் போனால் விழுந்து நின்ற இடத்தில் தேடாதீர்கள். பெரும்பாலும் நீங்கள் தடுமாறிய இடத்தில், மேலேதான் புதைந்திருக்கும்.

ஒரு கைடு முதலில் இறங்குவார், ஒருவர் எல்லோருக்கும் கடைசியில் வருவார். முதல் கைடு "என் தடத்துக்கு இடப்பக்கம் மட்டும்" என்று சொன்னால், வலப்பக்கம் எவ்வளவு அழகான பனி கிடந்தாலும் போகக் கூடாது. அங்கே பாறை முனையோ பனிச்சரிவுப் பாதையோ இருக்கும், மேலிருந்து தெரியாது. அவர் நிற்கும் இடத்தைத் தாண்டிக் கீழே போகாதீர்கள். அவருக்கு மேல்பக்கத்தில், யார்மீதும் மோதாமல் நில்லுங்கள். ஒவ்வொருவராக வரச் சொன்னால் முந்தினவர் பாதுகாப்பான இடத்தில் ஒதுங்கி நின்ற பிறகே கிளம்புங்கள்.

மரங்களுக்குள் ஜோடி ஜோடியாகத்தான். ஊசியிலை மரத்தின் கீழ்க்கிளைகள் பனியைத் தடுப்பதால் தண்டைச் சுற்றி ஒரு குழி இருக்கும், மேலே பனி மூடியிருக்கும். தலைகீழாக அதில் விழுந்தவர் தானே வெளியே வருவது மிகக் கடினம். அதனால் மரத்தைப் பார்க்காமல், மரங்களுக்கு நடுவே உள்ள இடைவெளியைப் பாருங்கள். கண் எங்கே போகிறதோ ஸ்கீயும் அங்கேதான் போகும். கம்பின் பட்டையைக் கையில் மாட்டாமல் பிடியுங்கள். ஜோடியை அடிக்கடி பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், தமிழில் கத்தினாலும் சரி. விழப்போகிறோம் என்று தெரிந்தால் கிளையையோ தண்டையோ கட்டிப்பிடித்துத் தலையை மேலே வையுங்கள். உள்ளே போய்விட்டால் திமிறாமல், முகத்துக்கு முன்னால் மூச்சுக்கு இடம் உண்டாக்குங்கள். ஜோடி விழுந்துவிட்டால் உதவி தேடி ஓடாதீர்கள். விசில் அடித்து, பக்கவாட்டிலிருந்து அவர் முகத்தை நோக்கி உடனே தோண்டுங்கள்.

மதியச் சாப்பாடு வண்டிக்குள்ளேயே. சாண்ட்விச், சூப், சூடாக ஏதாவது குடிக்க. ஒரேயடியாகச் சாப்பிடாமல் ஒவ்வொரு ஏற்றத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டால் கால் சோராது. குளிரில் தாகம் தெரியாது, இருந்தாலும் குடியுங்கள்.

மதியத்துக்குப் பிறகுதான் கவனம் வேண்டும். தொடை நடுங்கத் தொடங்கும், திருப்பம் தாமதமாகும், விழுவது கூடும். "இவ்வளவு காசு கட்டிவிட்டோமே" என்ற எண்ணம் அப்போது வரும். அதற்கு இடம் கொடுக்காதீர்கள். ஸ்னோகேட்டில் ஒரு வசதி இருக்கிறது. கீழே வண்டியைச் சேர்ந்ததும் "இந்த முறை நான் உட்கார்ந்துகொள்கிறேன்" என்று சொல்லலாம். வண்டியோடு மேலே போய், வண்டியோடே கீழே வரலாம். கைடு அதைக் குறையாக நினைக்க மாட்டார், அவர் விரும்புவதே அதைத்தான். விரல் மரத்துப்போனாலும், மூக்கு நுனி வெளுத்தாலும், முழங்கால் ஒரு மாதிரி இருந்தாலும் வாய்விட்டுச் சொல்லுங்கள். நம் ஆட்களுக்கு அடுத்தவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்ற எண்ணம் அதிகம். மலையில் அது வேண்டாம்.

மாலையில் இறங்கியதும் பீக்கனை அணைத்துக் கைடின் கையில் கொடுங்கள், பையோடு வைத்துவிட்டு வர வேண்டாம். பூட்டின் உள்ளுறையைக் கழற்றி உலர்த்தும் இடத்தில் மாட்டுங்கள், கையுறையையும் அப்படியே. வட அமெரிக்காவில் கைடுகளுக்கும் ஓட்டுநருக்கும் டிப்ஸ் கொடுப்பது வழக்கம். அன்றைய கட்டணத்தில் பத்து முதல் பதினைந்து சதவீதத்தை முதலிலேயே செலவுக் கணக்கில் சேர்த்துவிடுங்கள். வீட்டுக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள், அப்போது தருமபுரியில் அடுத்த நாள் காலை விடியும் நேரமாக இருக்கும். மறுநாளும் பதிவு செய்திருந்தால், தூங்குவதற்கு முன் மாடிப்படி இரண்டு முறை ஏறி இறங்கிப் பாருங்கள். இறங்கும்போது கைப்பிடியைப் பிடிக்க வேண்டியிருந்தால் நாளைய இடத்தை அடுத்த நாளுக்கு மாற்ற முடியுமா என்று அன்றிரவே அலுவலகத்தில் கேளுங்கள்.